பீரோவைத் திறந்த பொய்

ஆலயத்தில் முதல் விசுவாசிகளின் பெயர்களைக் கல்லில் வெட்டப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், பீடி சுற்றும் பாக்கியசீலி திருச்சபை வரலாற்றுச் சங்கத்துக்குப் போய் நின்றாள். ஊரில் முதன்முதலாக ஞானஸ்நானம் கொடுத்த நாளிலேயே அதை எடுத்தவர்களில் தன் பூட்டி சாராளும் ஒருத்தி என்பது அவள் வீட்டுப் பேச்சு.

"பழைய ஞானஸ்நானப் பதிவேட்டை ஒருதரம் பாக்கணும், ஐயா."

செயலாளர் ஞானசிகாமணி நிமிரவேயில்லை. "ஆராய்ச்சி பண்றவங்களுக்குத்தான் பீரோவைத் தெறப்போம். உன் பூட்டி இருந்ததுக்கு அத்தாட்சி கொண்டா, பாக்கலாம்."

"அத்தாட்சி உங்க பீரோவுக்குள்ளல்லா இருக்கு?"

"அப்ப கெளம்பு."

வாசலில் குருவானவர் வந்துகொண்டிருந்தார். அவர் காதில் விழட்டும் என்றே பாக்கியசீலி செயலாளரிடம் உரக்கச் சொன்னாள்: "உங்க பூட்டன் யேசுவடியான் அன்னைக்கு வரவேயில்லையாமே? மறுவருசந்தான் சேந்தாராம். அதான் பூட்டுப் போட்டு வச்சிருக்கீக!"

"எவன் சொன்னான்?" ஞானசிகாமணி சாவிக்கொத்தை உருவினார். பீரோவைத் திறந்து, பதிவேட்டை மேசையில் விரித்து, விரலை ஊன்றினார். "பாரு! முதல் நாள், முதல் பேரு, யேசுவடியான்!"

"ஆமா ஐயா, நான் தோத்தேன். விரலை மட்டும் எடுத்துராதிய. அப்படியே ஒவ்வொரு வரியா கீழ இறக்குங்க."

மூன்றாவது வரியில் விரல் நின்றுவிட்டது. குருவானவர் உள்ளே வந்து குனிந்து சத்தமாக வாசித்தார்: "சாராள், சுண்ணாம்பு சுமக்கிறவள்."

"உங்க பூட்டன் பேரு எவ்வளவு பெருசோ, எங்க பூட்டி பேரும் அவ்வளவு பெருசா வெட்டச் சொல்லுங்க, ஐயா," என்றாள் பாக்கியசீலி.