இடம் மாறிய கஞ்சி அண்டா

கோரைப்பாய் நெய்கிற ஊர் அது. கொள்ளைநோய் வந்ததும் தறி நின்றது, சந்தை நின்றது. அரண்மனை அரிசி அனுப்பியது. ஊர் நடுவில் இருந்த மடத்தில் கஞ்சி காய்ச்சி எல்லாருக்கும் ஊற்றினார்கள்.

கரண்டி பிடித்தவர் மாசிலாமணி, மடத்தின் மூத்த சீடர். குரு பூங்காவனத்தம்மைக்கு அவருடைய மகள் வயதுதான். அதில் அவருக்குக் கூச்சமில்லை. புதிதாக வருகிறவர்களுக்குத்தான் யார் காலில் விழுவது என்று குழப்பம்.

நோய் அடங்கியது. வருகிற அமாவாசையோடு அரிசி நின்றுவிடும் என்று அரண்மனை ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான்.

மாசிலாமணிக்குச் சோறு இறங்கவில்லை. சொன்னால் ஊர் கலங்கிவிடும். சொல்லாவிட்டால் ஒரே நாளில் பட்டினி. யோசித்து யோசித்து, யாருக்கும் தெரியாமல் தினமும் கஞ்சியில் கூடக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார். மெல்ல மெல்லப் பழகிவிடுவார்கள் என்று நினைப்பு.

"ஐயா, இன்னைக்கு உங்க கஞ்சியில முகம் பார்த்துத்தான் பொட்டு வெச்சேன்" என்றாள் வரிசையில் நின்ற செங்கமலம்.

எல்லாரும் சிரித்தார்கள். அவரால் முடியவில்லை. செங்கமலத்தின் இடுப்பிலிருந்த குழந்தை காலிச் சட்டியை நக்கிக்கொண்டிருந்தது.

அன்றைக்கே குருவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினார். கஞ்சியை நிறுத்தினால் செத்துப்போவார்கள், நிறுத்தாவிட்டால் வேலைக்கு எழுந்திருக்கமாட்டார்கள் என்று புலம்பினார்.

"ஆற்றங்கரையில் கோரை எப்படி இருக்கிறது?" என்று கேட்டாள் குரு.

"ஆள் உயரம், தாயே. வெறும் வயிற்றோடு யார் அவ்வளவு தூரம் போய் அறுப்பார்கள்?"

குரு எழுந்துபோய் அண்டாவின் ஒரு வளையத்தைப் பிடித்தாள்.

"அந்தப் பக்கம் பிடியுங்கள்."

மறுநாள் கஞ்சி ஆற்றங்கரையில் கொதித்தது, பழையபடி கெட்டியாக. இவ்வளவு தூரம் நடக்கவிட்டார்களே என்று முணுமுணுத்தபடி ஊர் வந்து குடித்தது. குடித்த பிறகு கோரையைப் பார்த்தது. அறுத்த கோரையைப் பச்சையாக இருக்கும்போதே கிழித்துவிட வேண்டும், வாடினால் வீண். ஒருவர் அறுத்தால் நாலு பேர் உட்கார்ந்து கிழித்தாக வேண்டும். செங்கமலம் முதலில் அரிவாளை எடுத்தாள். அதற்குப் பிறகு யாராலும் சும்மா நிற்க முடியவில்லை. கோரை காய்ந்து பாயானதும் நெல் கொடுத்து எடுத்துக்கொள்ளச் சொல்லி, பக்கத்து ஊர் வியாபாரியிடம் குரு முன்பே பேசி வைத்திருந்தாள்.

கரையெல்லாம் கோரை காய்ந்துகொண்டிருக்க, மாசிலாமணி மட்டும் ஊருக்குள் போய்விட்டுப் பதறி ஓடி வந்தார்.

"சில வீடுகளிலிருந்து யாருமே வரவில்லை, தாயே. நோயில் கால் விழுந்தவர்கள். படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்கள். அண்டாவை நகர்த்தி அவர்கள் வாயில் மண்ணைப் போட்டுவிட்டோம்."

"நேற்றுவரை அவர்களுக்கு யார் கஞ்சி வாங்கிப் போனது?"

"அக்கம்பக்கத்தார் யாராவது வாங்கியிருப்பார்கள். அத்தனை பெரிய வரிசையில் எனக்கு எப்படித் தெரியும்?"

"இப்போது தெரிகிறதா?"

யாரும் வராத ஒவ்வொரு வீட்டு வாசலும் மாசிலாமணியின் கண்ணுக்குள் நின்றது.

குரு அடியில் இருந்த கெட்டிக் கஞ்சியை வழித்துத் தூக்குச்சட்டியில் ஊற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"மற்றவர்களுக்குப் பாய் முடிந்ததும் நெல் வந்துவிடும். அதற்குப் பிறகு மிச்சமிருக்கிற அரிசி முழுவதும் இவர்களுக்கு. ஆறுவதற்குள் போங்கள்."