வலது கால் கெட்ட பேர் வாங்கிய கதை

“ஒரு தடவை சொன்னா உனக்குக் கேக்காதா? ஒவ்வொரு படியிலயும் முட்டிக்கிட்டுதான் நிப்பியா?”

ஒரு எழுத்துக்கூட மாறாமல் இதே வார்த்தைகள், அன்று காலையில் மட்டும் நான்காவது தடவையாக மேலேயிருந்து இறங்கி வந்தன. சொன்னது மூளை. வாங்கிக் கட்டிக்கொண்டது வலது கால். இரண்டும் தூத்துக்குடியில் எமல்டா என்கிற ஒரே பெண்ணுக்குச் சொந்தம். ஆனாலும் மூன்று மாதமாக ஒன்றுக்கொன்று ஆகாது.

“சேதி வந்ததும் தூக்குதேன் அண்ணாச்சி. வரலன்னா எதைத் தூக்க?” என்றது வலது கால்.

“இடது கால் தூக்குதே! அதுக்கும் நான்தானே சொல்லுதேன்?”

இடது காலுக்கு இப்படிப்பட்ட சமயம் என்றால் சர்க்கரை. “எனக்கு உடனே வந்துருது அண்ணாச்சி. வலது அக்காவும் காலையில எல்லாம் நல்லாத்தான் நடக்கா. அடுப்படிக்குப் போனாத்தான் தளர்ச்சி வந்துரும்” என்று எடுத்துக் கொடுத்தது.

வலது காலுக்கு வயிறு கிடையாது. இருந்திருந்தால் எரிந்திருக்கும். ஏனென்றால் இடது கால் சொன்னது உண்மை. விடிந்ததும் வலது கால் நேராகத்தான் நடக்கும். அடுப்புச் சூட்டில் அரை மணி நேரம் நின்றால் பாதம் தொங்கிவிடும். செருப்பு வழியிலேயே கழன்று கிடக்கும். இப்படி நேரம் பார்த்து வருகிற நோயை யார் நம்புவார்கள்?

எமல்டாவின் வீட்டிலும் நம்பவில்லை. மாடியில் அவள் கணவர் லிகோரி, கீழே மாமனார். ஒரு கல்யாண வீட்டில் முறைத்துக்கொண்டதிலிருந்து அப்பாவுக்கும் மகனுக்கும் பதினோரு வருடமாகப் பேச்சு இல்லை. “மோட்டரைப் போடச் சொல்லு” என்று மேலேயிருந்து வரும். “போட்டாச்சுன்னு சொல்லும்மா” என்று கீழேயிருந்து போகும். கொண்டுபோய்ச் சேர்க்க எமல்டா இருக்கிறாளே. நடுவில் பத்தொன்பது படி. அவள் படியில் இடறத் தொடங்கியதும், பதினோரு வருடத்தில் முதல் தடவையாக இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். அவளுக்குச் சோம்பல்.

“நாளைக்கு மதுரையில டெஸ்ட்டாம்” என்றது மூளை. “உன்மேலதான் குத்தம்னு தெரியட்டும், அப்புறம் உன்கிட்ட நான் பேசவே மாட்டேன். எல்லாத்தையும் இடதுகிட்டயே சொல்லிக்கிடுதேன். நீ பாட்டுக்குத் தொங்கிக்கிட்டு வா.”

நடக்கிற வேலையும் போய்விட்டால் கால் என்ற பேரை வைத்துக்கொண்டு வலது கால் என்ன செய்யும்?

மதுரையில் டாக்டர் விஷயத்தை உடைத்தே சொன்னார். “மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் மாதிரி இருக்கும்மா. முதுகுத்தண்டுல திட்டுத் திட்டாத் தெரியுது. திட்டு எங்க இருக்குன்னு ஸ்கேன் காட்டிரும். வேலை எவ்வளவு கெட்டிருக்குன்னு காட்டாது. அதுக்குத்தான் இந்தக் காந்த டெஸ்ட்.”

காந்த வளையம் வந்தது. கைப்பிடி வைத்த கறுப்பு வட்டம், ஆப்பச்சட்டி மூடி அளவு. கான்வென்ட் ஹெட்மிஸ்ட்ரஸ் போல அதற்கு முகதாட்சண்யமே கிடையாது.

“யார்மேல குத்தம்னு சொல்ல நான் வரல” என்றது வந்ததுமே. “சேதி போய்ச்சேர எவ்வளவு நேரம் ஆகுதுன்னு எண்ண வந்திருக்கேன். ரெண்டு பேரும் பாதத்தை லேசா மேல தூக்கிப் பிடிங்க. தயாரா இருக்கிறவங்களுக்குத்தான் சேதி ஒழுங்கா வந்து சேரும்.”

“மூணு மாசமா அப்படித்தான் நிக்கேன் மேடம்” என்றது வலது கால்.

“பேச்சு வேண்டாம்.”

வளையம் உச்சந்தலையில் போய் உட்கார்ந்தது. டக். இடது கால் துள்ளியது. திரையில் ஓர் அலை எழுந்தது.

“இருபத்தொன்பது.” ஒரு நொடியை ஆயிரம் துண்டாக நறுக்கி அது எண்ணுகிறது.

டக். வலது கால் காத்திருந்தது. அப்புறம் லேசாக ஓர் அசைவு. திரையில் எழுந்த அலையும் நோஞ்சானாக இருந்தது.

“நாற்பத்தெட்டு.”

“பாத்தீங்களா மேடம்! நான் சொன்னேன்லா!” என்று மூளை குதித்தது.

“இருங்க. பாதிதான் முடிஞ்சிருக்கு.” வளையம் தலையை விட்டு இறங்கி இடுப்பில் போய் நின்றது. “இப்போ உங்க தயவு இல்லாம, இங்கேயிருந்தே சொல்லிப் பார்க்கப் போறேன்.”

டக். இடது கால், பதினாலு.

டக். வலது கால், அதே பதினாலு. அதே துள்ளல்.

இடது கால் கூரையைப் பார்க்க ஆரம்பித்தது.

“இடுப்புக்குக் கீழ ரெண்டு பேருக்கும் ஒரே கணக்குதான். வலது கால்மேல தப்பு இல்ல” என்றது வளையம். “மேலேயிருந்து சேதி கிளம்பினதும் சரிதான். வலதுக்குக் கூடின பத்தொன்பதும் நடுவுலதான் தொலஞ்சிருக்கு.”

“நடுவுல யாரு இருக்கா?” என்றது மூளை.

நடுவில் ஆள் உண்டு என்பதே அதுவரை மூளைக்கும் நினைவில்லை, காலுக்கும் நினைவில்லை. முதுகுத்தண்டுக்குள் ஒடுங்கிக் கிடந்த நரம்பு தலையை நீட்டியது. எலி கடித்த மிக்சி வயர் மாதிரி அதன் மேலுறை அங்கங்கே போயிருந்தது.

“நீங்க கொடுத்ததை எல்லாம் கொண்டுதான் போறேன் அண்ணாச்சி” என்றது நரம்பு. “உறை போன இடத்துல சேதி கசிஞ்சுருது. தட்டுத் தடுமாறித்தான் தாண்ட வேண்டியிருக்கு. சூடு ஏறினா சிலது அங்கேயே நின்னுரும்.”

“இத்தனை நாள் வாயைத் திறந்தா என்ன?”

“சொல்லி அனுப்பத்தான் என்னைக் கூப்பிடுவீங்க. என்னைப் பத்தி என்னைக்குக் கேட்டீங்க? ‘ஒரு தடவை சொன்னா உனக்குக் கேக்காதா’ன்னு திட்டினீங்கள்லா, அதையும் இந்த முதுகுலதான் சுமந்துக்கிட்டுப் போனேன். ஒரு நாளைக்கு இருபது தடவை. அந்த நேரத்துல எமல்டா நாலு படி ஏறியிருப்பா.”

மன்னிப்புக் கேட்கிற பழக்கம் மூளைக்கு இல்லை.

“ஏ புள்ள” என்றது வலது காலைப் பார்த்து. “இனி ஒண்ணொண்ணாச் சொல்லுதேன். நீ மெதுவாவே வா.”

“சரி அண்ணாச்சி.”

“உறையைத் தைக்க எனக்குத் தெரியாது. அது டாக்டர் பாடு” என்று சொல்லிவிட்டு வளையம் அடுத்த ஆளிடம் போயிற்று.

சாயங்காலம் வீடு வந்து சேர்ந்ததும் லிகோரி மாடிக்குப் போய்விட்டார். மாமனார் டி.வி. முன்னால் இருந்தார். ரிப்போர்ட்டை எமல்டா மேஜைமேல் வைத்தாள். வைத்த கை எடுக்குமுன் மாடியிலிருந்து குரல் வந்தது.

“உனக்கு நெசமாவே சீக்குதான்னு அவர்கிட்ட சொல்லிரு.”

மாமனார் டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “மருந்து என்னைக்கு ஆரம்பிக்குன்னு அவன்கிட்ட கேட்டுட்டு வாம்மா.”

எமல்டா படியருகே போனாள். “தூக்கு” என்றது மூளை, நிதானமாக. நரம்பு தடுமாறித் தடுமாறி அதைக் கொண்டுவந்து சேர்த்தது. வளையம் சொல்லிக் கொடுத்தபடி பாதத்தை லேசாகத் தூக்கிக் காத்திருந்த வலது கால் முதல் படியைத் தொட்டது. அப்புறம் இரண்டு, மூன்று. யாரும் யாரையும் திட்டவில்லை.

பத்தாவது படியில் சேதி வரவில்லை. நாள் முழுக்கக் காரில் வெந்த உடம்பு.

எமல்டா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். மேலே ஒன்பது படி, கீழே ஒன்பது படி.

“ரெண்டு பேரும் கேளுங்க” என்றாள். “நான் நடுப்படியில உக்காந்திருக்கேன். யாராவது ஒருத்தர் இதுவரைக்கும் வாங்களேன்.”

மாடியில் ஃபேன் ஓடியது. கீழே டி.வி. ஓடியது. வலது கால் பாதத்தைத் தூக்கிப் பிடித்தபடியே இருந்தது.

“யாராவது ஒருத்தர்.”