மூன்று வார்த்தைக்கு ஐம்பது பொன்

அந்தக் காலத்தில், ஏரிகள் நிறைந்த வேழநாட்டை மகுடவழுதி என்றொரு ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒரு சட்டமாவது போடாவிட்டால் அவனுக்குப் பலகாரம் இறங்காது. ஒருநாள், "குற்றம் சாட்டப்பட்டு நிற்கிறவனுக்காகப் பேச அரண்மனையே ஒரு வழக்காடியைக் கொடுக்கும். கட்டணத்தை வழக்காடியே வைப்பார். கட்டும்வரை சிறை!" என்று முரசறைவித்தான். அமைச்சர் உலகநம்பியைக் கண்டாலே வயிறெரிகிற வித்தகபூபதி, இனிக்க இனிக்கப் பேசி அந்த வேலையைத் தட்டிக்கொண்டு போனான்.

முதலில் மாட்டியவன் பரிசல்காரன் பேச்சிமுத்து. அரசனின் ஏரி என்று தெரியாமல் அங்கே ஒரு விரால் பிடித்துவிட்டான், பாவம். வித்தகபூபதி எழுந்து, "அரசே, அறியாமல் செய்துவிட்டான்" என்று மூன்றே வார்த்தை பேசி உட்கார்ந்தான். அபராதம் இரண்டு காசு. மடியிலிருந்து எடுத்துக் கட்டிவிட்டு, அப்பாடா என்று பேச்சிமுத்து திரும்பினால், "என் கட்டணம் ஐம்பது பொன்!" என்றான் வித்தகபூபதி.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்! பேச்சிமுத்துவுக்குத் தலை சுற்றியது.

"சாமி, பொன்னை நான் கண்ணால பார்த்ததே இல்லையே! எங்கிட்ட இருக்கிறது ஒரு பரிசல்தான்."

"அதை விற்றால் ஒரு பொன் தேறும். மீதியைக் கட்டும்வரை உள்ளே கிட."

பரிசல் போனால் வீட்டில் அடுப்பு எரியாது. சிறைக்கும் போய்விட்டால் பெண்டாட்டி பிள்ளைகள் கதி? பேச்சிமுத்து சபையிலேயே அழுதுவிட்டான்.

அமைச்சர் உலகநம்பி மெல்லக் கேட்டார். "வித்தகரே, சாட்சியாக வைத்திருந்த விரால் எங்கே?"

"அது... நாறிப்போகுமே என்று வீட்டுக்கு அனுப்பினேன். குழம்பு வைத்தார்கள்."

"அரசனின் மீனைப் பிடித்தது இவன் குற்றம். தின்றது உங்கள் குற்றம். அரசே, இவருக்கும் ஒரு வழக்காடி வேண்டுமே! பேச்சிமுத்துவையே போடலாமா?"

ராஜாவுக்கு வேடிக்கை என்றால் உயிர். "போடு!" என்றான்.

பேச்சிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டான். "மகாராசா, பசியில தின்னுட்டாரு. பெரிய மனசு பண்ணுங்க."

அதே இரண்டு காசு அபராதம். வித்தகபூபதி சிரித்தபடி விட்டெறிந்தான்.

"வழக்காடியே, உன் கட்டணம்?" என்றார் அமைச்சர்.

"எங்க தொழில்ல கூலி மீனுதாங்க. கொடுக்கிறவரு தன் கையால பிடிச்சதா இருக்கணும், சந்தையில வாங்கினது செல்லாது. நூறு விரால் போதுங்க."

சட்டம் சட்டம்தானே! ராஜாவின் ஏரியிலேயே பிடிக்கலாம் என்று உத்தரவாயிற்று. வித்தகபூபதியைப் பேச்சிமுத்துவின் பரிசலில் ஏற்றி வலையும் கொடுத்துத் தள்ளிவிட்டார்கள். பழகாத கைக்குப் பரிசல் அடங்குமா? நடு ஏரிக்குப் போய், செக்குமாடு மாதிரி நின்ற இடத்திலேயே சுற்றியது. தலைப்பாகை தண்ணீரில் விழுந்தது. கரையில் சபையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"அரசே! துடுப்புப் பிடிக்கவே தெரியாதவனிடம் நூறு விராலா? கேட்கும்முன் என்னால் முடியுமா என்று பார்க்க வேண்டாமா?" என்று அலறினான் வித்தகபூபதி.

ராஜாவின் சிரிப்பு நின்றது. அமைச்சர் சொல்ல வேண்டியதை வித்தகபூபதியே சொல்லிவிட்டானே!

ராஜா பேச்சிமுத்துவின் பக்கம் திரும்பினான். "உன்னால் எவ்வளவு கட்ட முடியும்?"

"மாசம் ஒரு காசு, மூணு மாசம் கட்டுவேன் மகாராசா. பரிசல் மட்டும் எங்கிட்ட இருக்கட்டும்."

"அவ்வளவுதான் உன் கட்டணம். இனி ஒருவனுடைய நிலைமையைக் கேட்காமல் எவனும் கட்டணம் வைக்கக் கூடாது. இல்லாதவனுக்கு அரண்மனை கொடுக்கும். கேட்காமல் சட்டம் போட்டது என் தப்பு" என்ற ராஜா, தன் முத்துமாலையைக் கழற்றி அமைச்சர் கழுத்தில் போட்டான்.

பேச்சிமுத்துவுக்கு மனசு நிறைந்துவிட்டது. நூறு விராலையும் மறந்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி ஏரியில் குதித்து, நீந்திப் போய்த் துடுப்பை வாங்கிக்கொண்டான்.

வித்தகபூபதி நடுங்கியபடி கேட்டான். "அப்பா, என்னைக் கரை சேர்க்க எவ்வளவு கேட்பாயோ?"

"உங்களால முடிஞ்சதைக் கொடுங்க, சாமி."

கரை வந்து சேரும்வரை வித்தகபூபதி குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை.