பதினொன்றரை அடி தூரம்

நில அளவைத் துறையில் முப்பத்தைந்து வருஷம் சங்கிலி இழுத்து ஓய்வு பெற்ற நாகலிங்கம், தன் மகள் வயதுள்ள திலகவதி அம்மையிடம் சீடராகச் சேர்ந்தார். அம்மைக்கு மெல்லிய குரல். நாகலிங்கத்துக்குக் காது மந்தம்.

ஆனாலும் குறையில்லாமல்தான் போய்க்கொண்டிருந்தது. சீடர்கள் ஆறு பேர். அம்மையை நடுவில் வைத்து அறுகோணமாக உட்காருவார்கள். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் ஆறடி. அறுகோணத்தில் பக்கம் எவ்வளவோ, நடுவுக்கும் அவ்வளவே. ஆறடியில் அவருக்கு ஒரு சொல்லும் தப்பவில்லை.

தை மாதம் புதிதாக ஆறு பேர் வந்து சேர்ந்தார்கள். அதே ஆறடி இடைவெளியில் வட்டம் விரிந்தது. அன்று அம்மை சொன்ன கதைக்கு எல்லோரும் சிரித்தார்கள். நாகலிங்கமும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. மறுநாள் பிந்தக் கூடாதென்று முதல் ஆளாகச் சிரித்துவிட்டுத் திரும்பினால், மற்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று மாலையே கணக்குப் போட்ட தாளோடு அம்மையிடம் போனார். பன்னிரண்டு பேர் என்றால் நடுவில் ஆளுக்கு முப்பது பாகை. அதில் பாதி பதினைந்து. பக்கத்தில் பாதி மூன்றடி. அதைப் பதினைந்து பாகையின் சைனால் வகுத்தால் பதினொன்றரை அடிக்கும் மேலே போகிறது. புதியவர்களை வேறு வேளையில் உட்காரவைக்கலாமே என்றார்.

அம்மை தாளை வரி வரியாகப் பார்த்தார். கணக்கில் பிழையில்லை என்றார்.

“இந்த ஆறடியை யார் வைத்தது?”

நாகலிங்கம் தரையைப் பார்த்தார். முதல் நாளே நாடா பிடித்துச் சுண்ணாம்புப் புள்ளி வைத்தவர் அவர்தான். பக்கத்தில் உட்காரும் அங்கமுத்து கொசுவுக்காக வேப்பெண்ணெய் பூசிக்கொள்வார். தியானத்தில் குறட்டையும் விடுவார். ஆறடிக்கு அப்பால் இரண்டையும் பொறுத்துக்கொள்ளலாம்.

“நான்தான், அம்மா.”

“எனக்கும் உங்களுக்கும் ஆறடியே இருக்கட்டும். ஆள் பன்னிரண்டு. பக்கம் எவ்வளவு வருகிறது?”

அவர் தாளைத் திருப்பிப்போட்டார். ஆறை இரட்டித்துப் பதினைந்து பாகையின் சைனால் பெருக்கினார். மூன்றடி ஒரு அங்குலம் வந்தது. இன்னொரு முறை பெருக்கினார். அதேதான் வந்தது.

“மூன்றடியில் அங்கமுத்து இருப்பாரே, அம்மா.”

“இருப்பார்.”

“வேறு வழி கிடையாதா?”

அம்மை தாளை அவரிடமே நீட்டினார்.

“கணக்குத் தெரிந்தவர் நீங்கள். அவரை நெருங்காமல் என்னை நெருங்க ஒரு வழி வந்தால், எனக்கும் சொல்லிக்கொடுங்கள்.”