முள்ளுவெளியின் படம்

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கு வேலை குறைச்சலாகவும் ஆசை அதிகமாகவும் இருந்த நாளில், ஒரு தேசத்து ராஜாவுக்கு மதிப்பெண் போடும் பைத்தியம் பிடித்தது. தோசைக்குப் போட்டார். ராணியின் பாட்டுக்குப் போட்டு ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லாமல் கிடந்தார். அப்புறம் காடுகள் அகப்பட்டன. "மானும் மயிலும் வாழ எந்தக் காடு எவ்வளவு லாயக்கு என்று பார்த்து, பத்துக்கு மதிப்பெண் போட்டுப் படம் வரைந்து வாருங்கள். சுழி வாங்கிய காடு நமக்கு வேண்டாம்" என்றார்.

வேலை மந்திரி வீரகேசரி கைக்குப் போனது. மகானுபாவர் பல்லக்கை விட்டு இறங்கவே இல்லை. திரையை விலக்கி, மரம் உயரமாக இருந்தால் பத்து, குட்டையென்றால் மூன்று என்று போட்டுக்கொண்டே போனார். புல்லும் புதருமாகக் கிடந்த முள்ளுவெளிக்குச் சுழி. 'இங்கே உயிர் என்று ஒன்றுமில்லை' என்று படத்தில் எழுதியும் வைத்தார். அந்தக் காட்டைக் கொளுத்திவிட்டுத் தோப்பு போட அவர் மைத்துனன் முன்கூட்டியே மாங்கன்று வாங்கி வைத்திருந்தான். வெட்கங்கெட்ட ஜென்மங்கள்.

சபையின் விகடகவி கொழுந்தப்பனுக்கு வயிறு பற்றி எரிந்தது. முள்ளுவெளியில் மான்கள் குட்டி போட்டிருந்த சமயம் அது.

"மகாராஜா, மந்திரியார் அளந்தது மரத்தை. மான் என்ன மரத்திலா ஏறும்?" என்று கேட்டான்.

ராஜாவுக்குச் சுருக்கென்றது. "வாயால் அளக்காதே. நாளை நீயும் ஒரு படம் கொண்டுவந்து சபையில் விரித்துக் காட்டு. பார்த்த மாத்திரத்தில் மந்திரி படம் பொய் என்று மந்திரியே ஒப்புக்கொள்ள வேண்டும். தவறினால் முள்ளுவெளிக்குத் தீ வைக்கும் பந்தம் உன் கையில்தான்."

மந்திரி மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

மறுநாள் கொழுந்தப்பன் ஒரு பாம்புப் பிடாரனோடு வந்தான். கையில் மூடிய கூடை.

"படத்தைக் கூடையிலா கொண்டுவருவார்கள்?" என்று இளித்தார் மந்திரி.

"என் படம் தானாகவே விரியும், மந்திரியாரே" என்று கூடையை அவர் முன்னால் வைத்து மூடியை எடுத்தான். உள்ளேயிருந்த நல்லபாம்பு சீறி எழுந்து படம் விரித்தது.

சபையார் விழுந்தடித்து ஓடினார்கள். மந்திரி தூணைக் கட்டிக்கொண்டார். ராஜா இரண்டு காலையும் சிங்காசனத்தின் மேல் தூக்கி வைத்துக்கொண்டார்.

"ஏன் ஐயா நடுங்குகிறீர்கள்? இது முள்ளுவெளியில் பிடித்தது. அங்கே உயிரே இல்லை என்று எழுதினீர்களே. இல்லாத பாம்பா உங்களைக் கடிக்கப்போகிறது?" கொழுந்தப்பன் குரலில் விளையாட்டு இல்லை. "காற்றைக் குடித்தா இது இந்தப் பருமன் ஆனது? எலியைத் தின்றது. எலி புல் விதையைத் தின்றது. அந்தப் புல்லைத்தான் மானும் மேய்கிறது. சுழி போட்ட கைதானே, இதன் தலையிலும் ஒரு சுழி போடுங்கள், பார்ப்போம்."

"என் படம் பொய்தான் அப்பா, பொய்தான். முதலில் கூடையை மூடச் சொல்" என்று மந்திரி அழாக்குறையாகச் சொன்னார்.

பிடாரன் பாம்பை அடக்கி மூடினான். ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிக் கொழுந்தப்பனுக்குப் போட்டார். "முள்ளுவெளியை இனி எவனும் தொடக் கூடாது. வேறென்ன வேண்டும், கேள்."

"பாம்பை அதன் புற்றிலேயே விட வேண்டும், மகாராஜா. மந்திரியார் கூடையைச் சுமந்து போகட்டும். பல்லக்கு வேண்டாம், செருப்பும் வேண்டாம்."

ராஜா மறுபடியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மந்திரிக்கு முகம் வெளிறியது. "வெறுங்காலோடா? அங்கே ஏதாவது..."

"ஒன்றுமில்லாத இடம்தானே. தைரியமாக நடங்கள்" என்றான் கொழுந்தப்பன்.