துஆவில் இல்லாத பெயர்

எங்கள் ஊரில் தோணிகள் இருந்த காலத்தில் கடற்கரைத் தெரு முழுக்கக் குங்கிலிய வாசம் அடிக்கும். பாய்மரத் தோணிகள் கருவாடும் வெங்காயமும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போகும், கொப்பரையோடு திரும்பும். இன்று அங்கே ஐஸ் லாரிகள் நிற்கின்றன. யாரும் குறை சொல்வதில்லை. லாரிக்குக் காற்று வேண்டாம்.

அப்போது தோணிச் சரக்குக்குப் பணம் தேடி யாரும் பாங்குக்குப் போனதில்லை. ஊரில் நாலு பேர் பங்கு போடுவார்கள். தோணியை ஓட்டிப் போகும் தலைவருக்குத் தண்டல் என்று பெயர். லாபம் வந்தால் பணம் போட்டவர்களுக்குப் பாதி, தண்டலுக்குப் பாதி. சரக்கு கடலோடு போனால் போட்டவர்களுக்குப் பணம் போயிற்று, தண்டலுக்கு உழைப்பு போயிற்று. ஒருவரை ஒருவர் கேட்க ஒன்றுமில்லை. இந்த ஏற்பாட்டுக்கு அரபியில் பெயர் உண்டு. ஊரில் பங்கு என்றுதான் சொன்னார்கள்.

நெய்னா காக்கா பர்மாவில் துணிக்கடை வைத்திருந்தவர். தாடி நரைத்து ஊர் திரும்பிய பிறகு, சின்ன வயதில் விட்ட ஓதலை மறுபடி தொடங்கினார். தினமும் விடியற்காலை ஸுபுஹு தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் இமாம் உவைஸ் ஹள்ரத்திடம் பாடம். ஹள்ரத்துக்குத் தாடி முழுக்கக் கறுப்பு. அவர் மாணவரை, அண்ணன் என்ற மரியாதையில், காக்கா என்பார். மாணவர் அவரை ஹள்ரத் என்பார். பேரனுக்கு இடம் பிடித்து வைக்கத்தான் காக்கா முன்வரிசையில் போய் உட்காருகிறார் என்று ஊரில் ஒரு கேலி ஓடியது.

ஹஜ்ஜுக்கென்று சேர்த்த பணத்தை நெய்னா காக்கா தண்டல் மொகுதூமின் தோணியில் போட்டார். பணம் சுத்தமாக வளர வேண்டும் என்று ஆசை. குறையக் கூடாது என்றும் ஆசை. ஆகவே மற்ற பங்குக்காரர்கள் கேட்காத ஒன்றை அவர் கேட்டு வாங்கினார்: தண்டலின் வீட்டுப் பத்திரம். சரக்கு மூழ்கினாலும் அவர் போட்ட பணம் திரும்பிவிட வேண்டும். மொகுதூமுக்கு அந்த வருஷம் வேறு வழி இல்லை. கொடுத்துவிட்டுப் பாய் விரித்தார்.

தோணி போன பிறகு ஒரு நாள், பாடத்தின் நடுவே காக்கா தன் சந்தேகத்தைக் கேட்டார். வட்டி ஹராம், வியாபாரம் ஹலால், சரி. ஆனால் இரண்டிலும் போட்டதற்கு மேலேதான் வருகிறது. பிறகு வித்தியாசம் எங்கே இருக்கிறது? பத்திரம் வாங்கியதையும் அவர் மறைக்கவில்லை. இதுவும் பங்குதானே, இந்த லாபத்தில் ஹஜ்ஜுக்குப் போகலாம்தானே என்றார்.

ஹள்ரத் கிதாபை மூடினார்.

“தோணி வரட்டும், காக்கா.”

தோணி வரவில்லை. கொழும்பிலிருந்து கிளம்பிவிட்டதாகத் தந்தி வந்தது. மறுநாளே கடல் கொந்தளித்தது. கொந்தளிப்பு அடங்கிய பிறகும் அடிவானத்தில் பாய் தெரியவில்லை. இன்னொரு பங்குக்காரரான வெங்காய மண்டி சதக்கு கடையை அடைத்துவிட்டுக் கரையிலேயே நின்றார். தன் வளையல்களை விற்றுப் பங்கு போட்டிருந்த சுலைஹா உம்மா, தண்டல் வீட்டுப் பிள்ளைகளுக்கு வேளாவேளைக்குச் சோறு கொடுத்தனுப்பினார். நெய்னா காக்கா, ஹஜ் பயணத்துக்கு வாங்கிய தகரப் பெட்டிக்குப் பூட்டு வாங்கி வந்தார்.

தோணி தாமதமானால், மாலை அஸர் தொழுகைக்குப் பின் அதில் போனவர்கள் பெயரையும் பங்குக்காரர்கள் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொல்லி இறைவனிடம் துஆ கேட்பது ஊர் வழக்கம். உவைஸ் ஹள்ரத் கையேந்தினார். தண்டல் மொகுதூம் பெயரைச் சொன்னார். தோணியில் வேலை பார்த்த கலாசிகளைச் சொன்னார். சுலைஹா உம்மா, சதக்கு, இன்னும் சிலர். ஒவ்வொரு பெயருக்கும் பள்ளிவாசல் ஆமீன் சொன்னது. பிறகு கைகளை முகத்தில் தடவிக்கொண்டு எழுந்துவிட்டார்.

நெய்னா காக்காவின் பெயர் வரவில்லை. முன்வரிசையில் இருந்தவருக்கு முதுகில் எல்லாருடைய கண்ணும் பட்டது. வெளியே போகும்போது சதக்கு குனிந்து சொன்னார்: “காக்கா, எல்லார் பேரும் கடலுக்குப் போயிருக்கு. உங்க பேரு மட்டும் கரையிலயே நின்னுட்டு.”

கூட்டம் கலையும்வரை காக்கா இருந்த இடத்திலேயே இருந்தார். பிறகு ஹள்ரத்திடம் போனார்.

“ஒரு பேரை விட்டுட்டியளே, ஹள்ரத்.”

“விடலை, காக்கா.”

“அந்தத் தோணியில எனக்கும் பங்கு இருக்கு. ஊருக்கே தெரியும்.”

“சுலைஹா உம்மாவுக்கு என்ன கேட்டேன்?”

“தோணி நல்லபடியா வந்து சேரணும்னு.”

“சதக்குக்கு?”

“அதேதான்.”

“தோணி வந்தாத்தான் அவங்களுக்கு உண்டு. வந்தாலும் உங்களுக்கு உண்டு, வராட்டியும் உண்டு.” ஹள்ரத் குரலை உயர்த்தவில்லை. “உங்களுக்கு நான் என்ன கேக்கணும்? சொல்லுங்க, இப்பவே கேக்குறேன்.”

காக்கா, தொழ வருகிறவர்கள் கைகால் கழுவும் ஹவுஸ் தொட்டியின் நீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ ஒளுச் செய்துவிட்டுப் போன சலனம் அதில் இன்னும் அடங்கவில்லை.

“அது ஹஜ்ஜுப் பணம், ஹள்ரத்.”

“தெரியும்.”

“பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்து, தோணியும் வராமப் போனா, இந்த வயசுல நான் மறுபடி சேர்க்க முடியாது.”

“முடியாது.”

சமாதானமாக ஒரு வார்த்தை வரும் என்று காக்கா காத்திருந்தார். ஹள்ரத் விளக்குக்கு எண்ணெய் ஊற்றத் தொடங்கினார். கரையிலிருந்து யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம் கேட்டது. தோணியைக் கண்ட குரல் இல்லை அது.

காக்கா தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார்.

“மஃரிபுக்கும் பேர் சொல்லுவியளா?”

“தோணி வர்ற வரைக்கும் சொல்லுவேன்.”

“மஃரிபுக்கு எவ்வளவு நேரம் இருக்கு?”

ஹள்ரத் வாசல் பக்கம் திரும்பி, சூரியன் விழ எவ்வளவு இருக்கிறது என்று வெளிச்சத்தைப் பார்த்தார்.

“தண்டல் வீட்டுக்குப் போயிட்டுத் திரும்புற அளவுக்கு இருக்கு, காக்கா.”