பலூன் பேசாத உயரம்

“டீச்சர், என்னால முடியல. இன்னியோட விட்டுடறேன்.”

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே சொன்னார் வேதாசலம். கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வுபெற்றவர். அவருடைய குரு ஜுலைகாவுக்கு அவரைவிட வயது ரொம்பக் குறைவு. அதனாலென்ன, ஞானம் வயதைக் கேட்டுக்கொண்டா வருகிறது?

ஆசிரமம் என்று யாராவது சொன்னால் ஜுலைகா சிரிப்பார். நாகூரில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே வாடகை அறை, ரெண்டு நாற்காலி, சத்தம் போடும் மின்விசிறி. அங்கே உட்கார்ந்துதான் ‘ஏணி’யை எழுதினார்.

ஏணி ஒரு மென்பொருள். வானிலைக்காரர்கள் பலூனில் சின்னக் கருவி ஒன்றைக் கட்டி மேலே விடுவார்கள். அது ஏற ஏற, இந்த உயரத்தில் இவ்வளவு சூடு, இவ்வளவு ஈரம், காற்று இப்படி என்று கீழே சொல்லிக்கொண்டே போகும். அதை வாங்கிக் கோடாக வரைந்து காட்டுவது ஏணியின் வேலை. காசு கிடையாது. யாரும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து திருத்தலாம். திருத்தியதைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது மட்டும் ஜுலைகா கையில்.

சும்மா கிடைப்பதென்றால் குறை சொல்ல ஆளுக்கா பஞ்சம்? கோடு ஏன் சிவப்பு, நீலமாக்கு என்பார் ஒருவர். என் கம்ப்யூட்டரில் ஓடவில்லை, உடனே கவனி என்பார் இன்னொருவர். இவர்களுக்கெல்லாம் பதில் எழுதுவது வேதாசலம்தான். ஊர் பேர் தெரியாதவர்களுக்கும் அன்றன்றைக்கே எழுதிவிடுவார். எழுதி எழுதி மனுஷர் ஓய்ந்துபோயிருந்தார்.

“உக்காருங்க சார். என்ன ஆச்சு?”

“என் திருத்தத்த வேணாம்னுட்டீங்க.”

“ஆமா.”

“இத்தன வருஷத்துல மொத மொதலா ஒருத்தர் நன்றி சொன்னார் டீச்சர். அதுவும் நான் அனுப்பின இந்தத் திருத்தத்தப் பாத்துட்டு.”

இதைச் சொல்ல அவருக்கே வெட்கமாக இருந்தது.

மடிக்கணினியைத் திறந்து காட்டினார். நடுவானத்தில் கொஞ்ச தூரம் பலூனிலிருந்து சிக்னல் வரவில்லை. வழக்கமாக ஏணி அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடும். படம் அசிங்கமாக இருக்கிறது என்று ஊரெல்லாம் புகார். வேதாசலம் கீழ்முனையையும் மேல்முனையையும் ஒரு கோட்டால் சேர்த்துவிட்டார். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

ஜுலைகா அந்தக் கோட்டின் மேல் உள்ளங்கையை வைத்து மறைத்தார்.

“இப்ப என் கைக்குக் கீழ என்ன சார் இருக்கு?”

“கோடு.”

“கோட்டுக்குக் கீழ?”

“கீழ இருபது டிகிரி, மேல பத்து டிகிரி. நடுவுல என்ன பெரிசா இருந்துடப் போவுது?”

ஜுலைகா எழுந்து பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றினார். அவர் கண்ணிலும் தூக்கம் இல்லாத களைப்பு. வேதாசலத்துக்கு எரிச்சலாக வந்தது. கேட்டதற்குப் பதில் சொல்லாமல் டீ கொடுப்பது என்ன வழக்கம்?

“இளம்பரிதி எப்படி இருக்கான் சார்?”

இளம்பரிதி அவருடைய ஒரே மகன். புனேயில் வேலை.

“நல்லா இருக்கான்.”

“பேசினீங்களா?”

“பொங்கலுக்கு வந்திருந்தான். நல்லாத்தான் இருந்தான். போன வாரம் சித்திரை ஒண்ணுக்கு வாழ்த்து அனுப்பினான், பூப்படம் போட்டு. நல்லாத்தான் இருக்கான்.”

“நடுவுல?”

“நடுவுல என்ன பெரிசா...”

வேதாசலம் நிறுத்தினார்.

பொங்கலன்று அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தபோது பையன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றான். அப்பா, ஒண்ணு சொல்லணும் என்றான். இருப்பா, இத முடிச்சுட்டு வரேன் என்றார். அதை இன்னும் முடித்தபாடில்லை. பையன் அன்று ராத்திரியே ரயில் ஏறிவிட்டான்.

டீ ஆறிக்கொண்டிருந்தது. கீழே கடையில் யாரோ டயருக்குக் காற்றடித்தார்கள்.

“அந்தக் கோட்ட எடுத்துடறேன் டீச்சர்.”

“அது எங்க ஓடிடப் போவுது?” என்று ஜுலைகா மேசை மேல் இருந்த அவருடைய போனை அவர் பக்கம் நகர்த்தினார்.

மகனின் எண்ணை அழுத்தினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டான் என்றே நினைத்தார். எடுக்காமல் இருந்தால் தேவலை என்றுகூட ஒரு கணம் தோன்றியது. எடுத்தான்.

“என்னப்பா, ஏதாவது அவசரமா?”

“இல்லப்பா. பொங்கலன்னிக்கு என்னமோ சொல்ல வந்தியே. அது என்ன?”

அந்தப் பக்கம் பேச்சில்லை.

வேதாசலத்துக்கு வாய் துறுதுறுத்தது. வேலையெல்லாம் ஒழுங்காத்தானே போவுது, சாப்பாடெல்லாம் சரியாத்தானே இருக்கு என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஜுலைகாவைப் பார்த்தார். ஜுலைகா தலையை மெல்ல ஆட்டினார், வேண்டாம் என்று.

வந்ததை விழுங்கிக்கொண்டு காத்திருந்தார். இவ்வளவு நேரம் பேசாமல் இருப்பது அவருக்குப் பயமாக இருந்தது. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

“அப்பா,” என்றான் இளம்பரிதி. குரல் உடைந்திருந்தது. “உங்களுக்கு இப்ப நேரம் இருக்கா?”

வேதாசலம் எட்டி மடிக்கணினியைச் சாத்தினார்.

அந்தச் சத்தம் அங்கே கேட்டதோ என்னவோ, பையன் சொல்லத் தொடங்கினான்.